ஐந்தாவது பெயர்

எங்கள் கல்லூரியில் மூன்று வருடம் இயற்பியல், அதன்பின் பெரிய நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் பொறியியல். முடிவில் இரண்டு கல்லூரியும் ஆளுக்கொரு பட்டம் தரும். இந்தத் திட்டத்தில் சேர்ந்தவன் கணக்கில் தவறு செய்ய ஒரே ஒரு வழிதான் உண்டு. அதை நான் கண்டுபிடித்தேன்.

அலபாமாவில், தேவாலயம் நடத்தும் சின்னக் கல்லூரி எங்களுடையது. இயற்பியலுக்கு மூன்றே ஆசிரியர்கள். அதனால் இயக்கவியல் பாடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். இரண்டாம் வருடத்தில் அந்த வகுப்பும் பாடகர் குழுப் பயிற்சியும் ஒரே நேரத்தில் வந்தன. அடுத்த வருடம் படித்துக்கொள்ளலாம் என்று நான் பாடப் போய்விட்டேன். நான்கு வருடம் படிக்கிறவன் அடுத்த முறைக்குக் காத்திருக்கலாம். எனக்கு நான்காம் வருடமே இங்கே கிடையாது. இயக்கவியல் இல்லாமல் அந்தப் பல்கலைக்கழகம் என்னை உள்ளே விடாது.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில் இது உறைத்தபோது இயற்பியல் ஆசிரியர் டாக்டர் கில்யார்டிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தேடியஸ், வியாழன் கிரகம் அடுத்த மாசம் எங்க நிக்கும்னு கணக்கு போடுவே. நம்ம கால அட்டவணைய மட்டும் பாக்க மாட்டே."

"தப்புதான் சார்."

"நான் நடத்துறேன். காலை எட்டு மணிக்குத்தான் எனக்கு நேரம் இருக்கு. ஆனா அஞ்சு பேர் பதிவு பண்ணினாத்தான் வகுப்பு. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள."

என்னோடு இயற்பியல் படிக்கும் செலஸ்டீன் உடனே சேர்ந்தாள். எங்கள் வகுப்பு கிரீன் இரட்டையர்களில் ஒருவனைத்தான் கேட்டேன், இருவரும் வந்தார்கள். என்னோடு நால்வர். ஐந்தாவது ஆளுக்காகக் கல்லூரியையே சுற்றினேன். காலை எட்டு மணி என்றதும் எல்லோருக்கும் வேறு வேலை ஞாபகம் வந்தது. ஒவ்வொரு இரவும் முழங்காலில் நின்று, ஒரே ஒரு ஆள் போதும் ஆண்டவரே என்று கேட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டுக்கூடத்தில் பொரித்த கெளுத்தி மீனை முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். என் அறை நண்பன் ராயல் என் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தான்.

"என் பேரைப் போடுடா," என்றான். "ரெண்டு வாரம் கழிச்சு எடுத்துடுறேன். வகுப்பு ஆரம்பிச்சிட்டா நிறுத்த மாட்டாங்க."

ராயல் முதல் வருடம் எங்களோடு இயற்பியல் படித்தவன், இப்போது இறையியல் மாணவன். கர்த்தர் தன்னை ஊழியத்துக்கு அழைத்தார் என்பான். மின்காந்தவியல் தேர்வுக்கு முந்தைய வாரமாகப் பார்த்து அழைத்தார் என்று நாங்கள் சொல்வோம்.

"போதகராகப் போறவன் பேசுற பேச்சா இது?"

"இன்னும் ஆகலையே. இந்த மீன் உனக்கு வேணுமா வேணாமா?"

மூன்றரை மணிக்கு ராயலின் படிவத்தோடு பதிவாளர் அலுவலகத்தில் நின்றோம். மிஸ் வெர்லீன் பதினேழு வருடமாக அங்கே பதிவாளர். ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் படிவத்தைத் திருப்பிக் கொடுப்பவர். ஆனால் அன்று ஒன்றுமே கேட்கவில்லை. மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு முத்திரையைக் கையில் எடுத்தார்.

என் வாய் தானாகத் திறந்தது.

"மிஸ் வெர்லீன், போடாதீங்க. இவன் எனக்காகப் பேர் குடுக்கிறான். ரெண்டு வாரத்துல விலகிடுவான்."

ராயல் என் காலை மிதித்தான். மிதித்துவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் கேக்கவே இல்லையே," என்றார் மிஸ் வெர்லீன். "ஏன் சொன்னே?"

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுல நீங்க ரெண்டாவது பெஞ்சுல உக்காருவீங்க. நான் உங்களப் பாத்துக்கிட்டுத்தான் பாடணும்."

அவர் முத்திரையைக் கீழே வைத்தார். ராயலின் படிவத்தை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனாலும் மனம் கனக்கவில்லை. அது எனக்கே வியப்பாக இருந்தது.

"நன்றி மேடம்," என்று திரும்பினேன்.

"நில்லு. போன்னு யார் சொன்னா?"

இழுப்பறையிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தார். பெயர் என்ற இடத்தில் வெர்லீன் டப்ஸ் என்று எழுதினார். அவருடைய சொந்தப் பெயர்.

"இங்க வேலை பாக்குறவங்க ஒரு பாடம் காசு கட்டாம படிக்கலாம். நூலகத்துல இருக்கிற மிஸ்டர் ஓட்டிஸ் மூணு வருஷமா ஸ்பானிஷ் படிக்கிறார், இன்னும் வணக்கம் சொல்லத்தான் தெரியும். நான் இதே கல்லூரியில கணிதம் படிச்சவ. அப்பவும் இயக்கவியல் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான். எனக்கு ஆசை இருந்துச்சு, நேரம் ஒத்து வரல. உன்ன மாதிரிதான்."

"நெசமாவே வகுப்புல உக்காருவீங்களா?" என்றான் ராயல்.

"நான் பேர் குடுத்தா உக்காருவேன், தம்பி. எல்லாரும் அப்படி இல்ல." ராயல் அதை வாங்கிக்கொண்டு சிரித்தான். "ஆனா என் ஃபார்ம்ல நானே முத்திரை போட முடியாது. டீன் கையெழுத்து வேணும். பேண்டு வாத்தியப் பயிற்சி பாக்கப் போயிருக்கார். ஓடுங்க."

ஓடினோம். ஆகஸ்டு வெயிலில் மைதானம் கொதித்தது. நூறு பேர் கொம்பும் முரசுமாக அணிவகுத்துக்கொண்டிருக்க, டீன் நடுவில் நின்று தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். ராயல் அணியைப் பிளந்துகொண்டு போனான், முரசுக்காரர்கள் திட்டினார்கள். டீன் படிவத்தைப் படித்தார், பெயரை இன்னொரு தடவை படித்தார், பெரிய கொம்பு வாசிக்கும் பையனைத் திரும்பி நிற்கச் சொல்லி அவன் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"வெர்லீனுக்கு கில்யார்டு சுலபமா மார்க் போட்டுடப் போறார்," என்றார். "நான் கவனிச்சுக்கிட்டு இருப்பேன்னு கில்யார்டுகிட்ட சொல்லு."

ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கையில் மிஸ் வெர்லீன் கையில் படிவத்தைக் கொடுத்தேன். தேதியைச் சரிபார்த்து முத்திரை குத்தினார். ராயல் உரக்க "ஆமென்" என்றான். பக்கத்து அறையிலிருந்து யாரோ பதிலுக்கு "ஆமென்" என்றார்கள்.

திங்கள் காலை எட்டு மணிக்கு மிஸ் வெர்லீன் முன்வரிசையில் சீவிய மூன்று பென்சில்களோடு இருந்தார். டாக்டர் கில்யார்டு வருகைப் பதிவு எடுத்தார். ஐந்தாவது பெயர் வந்ததும் அவர் குரல் கொஞ்சம் மரியாதையாக மாறியது.

"டப்ஸ் போதும், சார்," என்றார் மிஸ் வெர்லீன். "இங்க நான் மாணவி."

முதல் கணக்கு, கோளத்தின் உச்சியிலிருந்து வழுக்கி இறங்கும் சிறு கல் எந்த இடத்தில் கோளத்தை விட்டு விலகும் என்பது. டாக்டர் கில்யார்டு பலகை முழுக்க எழுதி, பத்தே நிமிடத்தில் விடையைக் கட்டம் போட்டுக் காட்டினார். நாங்கள் நால்வரும் பலமாகத் தலையாட்டினோம். செலஸ்டீன் பக்கத்தைக்கூடப் புரட்டிவிட்டாள்.

மிஸ் வெர்லீன் கையை உயர்த்தினார்.

"எனக்குப் புரியல, சார்."

"எந்த இடம்?"

"ரெண்டாவது வரியிலிருந்து."

கிரீன் இரட்டையர்கள் ஒரே சமயத்தில் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். செலஸ்டீன் பக்கத்தைத் திரும்பப் புரட்டினாள். நானும் கையை உயர்த்தினேன். இரண்டாவது வரியிலேயே நின்றுபோனவன்தான் நானும். டாக்டர் கில்யார்டு எங்கள் ஐந்து பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பலகையை முழுக்க அழித்து, முதல் வரியிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினார்.