நேரில் பார்த்தது சான்றாகாது

மரணத்தை யாராலும் மறுக்க முடியாது. கலைக்களஞ்சியம் மறுத்துவிட்டது; முக்கால் மணி நேரத்தில் இரண்டு முறை.

காலையில் இறந்த அப்பா கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தார். மகள் உள்ளறையில் அவருடைய மடிக்கணினியின் முன் உட்கார்ந்திருந்தாள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியம் அது. அகராதி தொகுத்தவர் என்பதால் அப்பாவுக்கும் அதில் ஒரு பக்கம் இருந்தது. அதில் அவள் இறந்த தேதியைச் சேர்த்தாள். ஒரு நிர்வாகி நீக்கினார். மறுபடி சேர்த்தாள். மறுபடி நீக்கினார். சான்று இல்லையாம்.

"ஹால்ல படுத்திருக்காரே, இதுக்கு மேல என்ன சான்று வேணுமாம்?" என்றார் பெரிய மாமா.

நேரில் பார்த்தது சான்றாகாது; அச்சில் வந்திருக்க வேண்டும். பதினாறு வருடமாக அந்த விதியைக் காட்டி ஊரார் எழுதியதையெல்லாம் வெட்டித் தள்ளியவர் அப்பாதான். பேப்பரில் நாளைக்குத்தான் வரும். மாமாவுக்கோ நாலு மணிக்குள் ஆகவேண்டும். இரங்கல் உரைக்கு வரும், மாமாவின் தமிழ்ச் சங்கத் தலைவர் போனில் இந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் பேசுவாராம். போதாததற்கு, தலைப்பில் பெயருக்கு முன்னால் 'சொல்வேந்தர்' சேர்க்கச் சொன்னார் மாமா. தலைப்பில் பட்டம் கூடாது என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"பட்டம் குடுத்தது எங்க சங்கம். நீ போடும்மா."

போட்டாள். உடனே எச்சரிக்கை வந்தது: இன்னொரு முறை இப்படிச் செய்தால் கணக்கு முடக்கப்படும்.

எச்சரிக்கை அப்பாவின் பெயருக்கு வந்திருந்தது. கணினி அவர் கணக்கில் திறந்தபடியே கிடந்ததை அப்போதுதான் கவனித்தாள். தான் செத்த தேதியை எழுதியதும், தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டதும் அப்பாவென்றே பதிவாகியிருந்தன. நாற்பதாயிரம் திருத்தங்கள், ஒரு எச்சரிக்கைகூட வாங்கியதில்லை மனிதர்.

திருத்துபவர்கள் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் நிர்வாகிக்கு எழுதினாள்: தவறு என்னுடையது, நான் அவர் மகள், அவர் கணக்கை முடக்கிவிடாதீர்கள். அவசரத்தில் 'மகள்' இரண்டு முறை தப்பாக விழுந்தது.

வாசலில் வண்டி வந்து நின்றது. மாமா கதவைத் தட்டினார்.

"எடுக்கப் போறாங்க. முகம் பாக்க வா."

"ஒரு நிமிஷம் மாமா."

பதில் மரியாதையாகவே வந்தது. ஆழ்ந்த இரங்கல், ஆனால் அவருக்கு மகள் இருப்பதாகக் கட்டுரையில் எங்கும் குறிப்பில்லையே?

கட்டுரையின் பழைய மாற்றங்களைத் திறந்து தேடினாள். மூன்று வருடத்துக்கு முன் யாரோ 'இவருக்கு ஒரு மகள்' என்று சேர்த்திருந்தார்கள். பதினோராவது நிமிடம் அந்த வரி நீக்கப்பட்டிருந்தது.

நீக்கியவர் அப்பா. 'சிறு திருத்தம்' என்று குறித்திருந்தார்.