தலைவலியின் கடைசி வெள்ளிக்கிழமை

சட்டசபையில் அவளுக்குத் 'தலைவலி' என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால்தான், நேரில் எல்லாருக்கும் அவள் அக்கா. பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்த அண்ணிக்கு மட்டும் நாத்தனார். நாத்தனாரும் அண்ணியும் ஒத்துப்போவது உலக அதிசயம் என்பார்கள். இவர்களைச் சேர்த்து வைத்தது ஒரு சாவு.

அண்ணியின் புருஷன் அடைப்பெடுக்கச் சாக்கடைக் குழிக்குள் இறங்கினவர், பிணமாகத்தான் மேலே வந்தார். அண்ணி துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தைக் கையில் எடுத்தாள். அண்ணனைப் பறிகொடுத்த தங்கைக்காரி சுயேச்சையாகத் தேர்தலில் நின்றாள், ஜெயித்தாள், ஜெயித்துக்கொண்டே இருந்தாள். துப்புரவுப் பெண்களுக்குப் பேறுகால விடுப்பு, அவர்கள் பிள்ளைகளுக்கு விடுதி எல்லாம் சண்டை போட்டு வாங்கினாள். குழிக்குள் ஆளை இறக்கினால் ஜெயில் என்ற மசோதா மட்டும் கைகூடவில்லை.

எதிர்த்து ஒருத்தர் ஓட்டுப் போட்டிருந்தால்கூட மனசு ஆறும். மந்திரியாக இல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாவுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் நேரம். சாப்பிட்டதும் உறுப்பினர்கள் வீட்டுக்கு நழுவிவிடுவார்கள். கொட்டாவிக்காரர் ஒருவர் எழுந்து, "போதுமான ஆள் இல்லீங்க" என்பார். சபை கலையும், மசோதா சாகும். அண்ணி மாடத்திலிருந்து கத்துவாள், காவலர் அவளை வெளியே அனுப்புவார். பாவிகள், நழுவியே கொன்றார்கள்!

நாத்தனார் இனிமேல் தேர்தலில் நிற்கப்போவதில்லை. இதுதான் கடைசி வெள்ளிக்கிழமை.

"இந்தத் தடவையும் ஊத்திக்கிச்சுன்னா?" என்று காலையில் அண்ணி கேட்டாள்.

"நீங்க சும்மா வந்து உக்காருங்க அண்ணி."

சாப்பாட்டு வேளை முடிந்தது. அண்ணி கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். கீழே ஒரு நாற்காலி காலியில்லை. நிருபர்கள் வேறு முண்டியடித்தார்கள்.

"என்னய்யா இது?"

"உங்களுக்கே தெரியாதா?" காவலர் குனிந்து கிசுகிசுத்தார். "மசோதா முடிஞ்சதும், தன் தொகுதியில யாரை ஆதரிக்கப்போறேன்னு அக்கா சொல்லப்போறாங்களாம். அவங்க கை காட்டுனா ஜெயிச்ச மாதிரிதானே! அதான் எல்லாக் கட்சியும் மகனையும் மச்சானையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கு."

"அடி கள்ளி!" என்றாள் அண்ணி.

கொட்டாவிக்காரர் பழக்கதோஷத்தில் எழுந்தார். நிரம்பி வழிந்த சபையைப் பார்த்தார். அசடு வழிய உட்கார்ந்தார். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஓட்டெடுக்கும்படி நாத்தனார் கேட்டாள். நிருபர்கள் பேனாவைத் திறந்து வைத்திருக்கையில் மாட்டேன் என்று சொல்ல எவனுக்குத் துணிச்சல் வரும்? ஒவ்வொருவராக "ஆதரிக்கிறேன்" என்றார்கள். கொட்டாவிக்காரரும்தான்.

மசோதா நிறைவேறியது.

அண்ணிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இந்தச் சட்டம் அன்றைக்கே இருந்திருந்தால் அந்த மனுஷன் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று நச்சரித்துக்கொண்டிருப்பார்.

"அக்கா, அந்த அறிவிப்பு..." என்று சபாநாயகரே எடுத்துக்கொடுத்தார். மாடத்தில் மகன்களும் மச்சான்களும் சட்டைக் காலரைச் சரிசெய்தார்கள்.

"சட்டம் போட்டாச்சு. அது ஏட்டுல தூங்காம எழுப்பிக்கிட்டே இருக்க ஒரு ஆள் வேணும்," என்றாள் நாத்தனார். மாடத்தை நிமிர்ந்து பார்த்தாள். "இத்தனை வருஷமா என்னைத் தூங்கவிடாத ஆள் அங்க இருக்காங்க. என் ஆதரவு என் அண்ணிக்குத்தான்."

"ஐயையோ! என்னை ஒரு வார்த்தை கேட்டியாடி?"

சபை முழுக்க எதிரொலித்தது. காவலர் ஓடிவந்தார், விதிப்படி வெளியேற்ற வேண்டும். ஆனால் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மா, இங்க சத்தம் போடக்கூடாது. சத்தம் போடணும்னா கீழ போய்த்தான் போடணும்."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அங்கேயே வர்றேன்," என்றாள், இன்னும் உரக்க.