பன்னிரண்டாவது புள்ளி

வெடித்து மங்கிக்கொண்டிருந்த ஒரு நட்சத்திரத்தை என் கணவர் ரேடியோ தொலைநோக்கியால் வாரம் ஒருமுறை அளந்தார். அதை வரைபடமாக்குவது அதே ஆய்வுக்கூடத்தில் என் வேலை. ஓர் அளவுக்கு ஒரு புள்ளி. அளவு எவ்வளவு பிசகியிருக்கலாம் என்று காட்ட அதன் மேலும் கீழும் ஒரு கோடு. பத்தாயிரத்தில் தொடங்கிய சிக்னல் ஐந்துக்கு இறங்கிவிட்டதால், படிக்குப் படி பத்து மடங்காகும் லாக் அச்சில்தான் எல்லாம் அடங்கின.

அவருடைய கடைசி நாள் மதியம், நான் அனுப்பிய வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் தொலைநோக்கி அறையிலிருந்து கூப்பிட்டார்.

"பன்னிரண்டாவது எங்க?"

"எல்லாம் இருக்கு. கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாருங்க."

"தொடச்சாச்சு. நீ கொஞ்சம் எண்ணிப் பாரேன்."

"வீட்டுக்கு வாங்க, விரல் விட்டு எண்ணலாம்."

எண்ணாமலே போனை வைத்தேன். அவர் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாரடைப்பு.

அதன்பின் அந்தக் கேள்வி வீட்டிலேயே தங்கிவிட்டது. சமையலறைக் குழாயை மூடியதும் கேட்கும்.

ஆறு வாரம் கழித்து, கட்டுரையை அனுப்ப வேண்டிய நாளில்தான் எண்ணினேன். பதினொன்று. கோப்பில் பன்னிரண்டு வரிகள். கடைசி வரி: மைனஸ் 0.2, பிழை 0.4. வெறும் இரைச்சலை அளந்தால் சில சமயம் பூஜ்யத்துக்குக் கீழேயும் வரும். லாக் அச்சில் அதற்கு இடமில்லை. மென்பொருள் ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தப் புள்ளியை விட்டுவிடும். புதிதாக வருகிறவர்களை நானே எச்சரிக்கிற விஷயம்.

அவருடைய உதவி ஆய்வாளன் பக்கத்தில் நின்றான். மீசை என்பார்கள், மீசை கிடையாது.

"பதினொண்ணு போதும் அண்ணி. அன்னைக்கு அண்ணனுக்கு ஒண்ணும் தெரியலையே."

"தெரியல. ஆனா பார்த்தாரு இல்ல?"

"சாயந்திரத்துக்குள்ள அனுப்பணும்..."

"அனுப்பலாம். நீ போய் டீ குடிச்சிட்டு வா."

பிழையைப்போல் மூன்று மடங்கு, 1.2. அந்த உயரத்தில் சிறு கோடு, அதிலிருந்து கீழ்நோக்கி ஓர் அம்பு. இதற்கு மேல் இல்லை, கீழே எங்கே என்று தெரியாது என்று பொருள். அம்பின் முனை வரைபடத்தின் அடிச் சட்டத்தில் இடித்தது. அச்சை 0.1க்கு இறக்கினேன், பிறகு 0.01க்கு. எவ்வளவு இறக்கினாலும் பூஜ்யம் வராது. கீழே இடம் இருந்துகொண்டே இருந்தது.

திரையில் விரல் வைத்துப் பன்னிரண்டும் எண்ணினேன்.

"இதோ இருக்குங்க."

டீயோடு வாசலில் நின்ற மீசை அறையைச் சுற்றிப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவிக் குழாயை மூடினேன். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி திறந்து, மறுபடி மூடினேன்.