காலுறை உலர்த்தும் அறை

பள்ளிகளுக்கு மானியம் தரும் அறக்கட்டளை ஒரு நிபந்தனை விதித்திருந்தது: விண்ணப்பத்தைப் பெற்றோர் முன்னிலையில் உரக்க வாசித்து, அனைவரிடமும் கையொப்பம் பெற்று அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமைப் படகைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான்.

ஆகஸ்டிலும் குளிர்காலம் நீடிக்கும் தென்கோளத்தில், சிலோயேத் தீவுக்கூட்டத்தின் ஒரு சிறு தீவில் பிள்ளைகள் துடுப்புப் படகில் பள்ளிக்கு வருவார்கள். நனைந்த காலுறைகளோடு மாலைவரை அமர்ந்திருப்பார்கள். உடைகளை உலர்த்த, அடுப்புடன் கூடிய ஓர் அறை கட்டுவதே திட்டம். வடக்கிலிருந்து வந்து, தெற்கில் தன் முதல் குளிர்காலத்தைக் கழிக்கும் நெல்டாதான் அங்கே ஒரே ஆசிரியை. பல அறக்கட்டளைகளின் விதிகளைப் படித்து, இவ்வளவு சிறிய பள்ளியையும் ஏற்கும் ஒன்றைக் கண்டெடுத்து, மாலைதோறும் எழுதினாள். பலகை, தகரம், தச்சர் கூலி எல்லாம் பிழையின்றி இருந்தன.

பெற்றோர் தம் பிள்ளைகளின் நாற்காலிகளில் முழங்கால்களை மடக்கி அமர்ந்திருந்தனர். ஊர் மக்களின் நிலையை விவரிக்கும் பகுதியை அவள் வாசித்தாள்.

"இத்தீவில் குளிர்காலத்தில் ஒருவரை ஒருவர் காண்பது அரிது. ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. அதன்பின் எவரும் எவர் கதவையும் தட்டுவதில்லை."

படகோட்டி ரொசாமெல் தொண்டையைச் செருமினார்.

"டீச்சர், இது எந்தத் தீவு? ஒரு வாய் மாத்தே டீ குடிச்சிட்டுப் போறேன்னு என் மச்சான் ஏப்ரல்ல வந்தான். ஆகஸ்ட் ஆச்சு, இன்னும் அடுப்புப் பக்கத்துலதான் இருக்கான்."

"நீ ஊத்துறத நிறுத்து மச்சான், நானும் எந்திரிக்கிறேன்" என்றான் பின்வரிசையிலிருந்து அந்த மச்சான்.

எல்லாரும் சிரித்தார்கள். பெற்றோர் சங்கத் தலைவி எர்மெலிந்தா மட்டும் சிரிக்கவில்லை.

"பொய்யில கையெழுத்துப் போட முடியாது டீச்சர். எங்களைப் பாத்தா யாருமத்தவங்க மாதிரியா இருக்கு?"

நெல்டா தாளைப் பார்த்தாள். அந்த வாக்கியங்களில் இலக்கணப் பிழை இல்லை.

"என் கதவை யாரும் தட்டல" என்றாள்.

சிரிப்பு நின்றது.

"இங்க யாரு டீச்சர் தட்டுறாங்க?" எர்மெலிந்தாவின் குரல் தணிந்திருந்தது. "கதவைத் தள்ளிட்டு உள்ள வர்றதுதான். உங்க கதவு தாழ் போட்டிருந்துச்சு. ஜன்னல் வழியாப் பாத்தா எழுதிட்டே இருந்தீங்க. நம்ம பிள்ளைங்களுக்குத்தானே எழுதுறாங்கன்னு சத்தமில்லாமத் திரும்பிட்டேன்."

நெல்டா அந்த வாக்கியங்களை அடித்தாள். அவ்விடத்தில் என்ன எழுதலாம் என எர்மெலிந்தாவிடமே கேட்டு, அவள் சொன்னதை எழுதினாள்: பிள்ளைகளின் கால்விரல்கள் எந்த நிறத்தில் வீடு திரும்புகின்றன என்பதை. அனைவரும் கையொப்பமிட்டனர். வெள்ளியன்று விண்ணப்பம் ரொசாமெலின் சட்டைக்குள், நனையாமல், கடல் கடந்தது.

அன்று மாலை எழுத ஒன்றுமில்லை. தாழை நீக்கினாள், கெண்டியில் நீர் வைத்தாள். விளக்கு எரிந்தால் வேலையாயிருக்கிறாள் என்பார்கள் எனக் கருதி அணைத்தாள். அணைந்திருந்தால் உறங்கிவிட்டாள் என்பார்கள் எனத் தோன்றவே மீண்டும் ஏற்றினாள். நாற்காலியை மேசையிலிருந்து விலக்கி ஜன்னலை நோக்கித் திருப்பிப் போட்டு, வெறுங்கைகளை மடியில் வைத்து அமர்ந்தாள்.

காற்று கதவைத் தள்ளியது. முதலில் மழைதான் உள்ளே வந்தது.