பிஞ்சைத் தொடாதே

ராஜ்கமலை எப்படிப் பழிவாங்குவது என்று பவதாரணி போட்ட திட்டங்கள் கொஞ்சநஞ்சமல்ல. அவன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பேதி மருந்தைக் கலப்பதிலிருந்து ஜீப் டயரைக் கிழிப்பது வரைக்கும் ஒரு வாரம் மனதுக்குள்ளேயே செய்து பார்த்துவிட்டாள். எல்லாமே சில்லறைத்தனமாகத் தெரிந்தன. அவன் அவளுடைய அம்மாவுக்குச் செய்தது அவ்வளவு சின்னக் காரியமில்லை.

அம்மா பொன்னுமணி இருபத்திரண்டு வருஷம் ஏலக்காய் எடுத்தவள். விடியற்காலையில் போடியில் ஜீப் ஏறி, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி, ராஜ்கமல் குடும்பத்து ஏலத் தோட்டத்துக்குப் போவாள். செடியின் அடியில் குத்தவைத்து, தரையோடு ஓடும் காய்ச் சரத்தை விரலால் தடவியே எது முற்றல் எது பிஞ்சு என்று சொல்லிவிடுவாள். முற்றலை எடுத்துக்கொண்டு பிஞ்சை அடுத்த எடுப்புக்கு விட வேண்டும். மலையில் அதுதான் முதல் சட்டம். பிஞ்சைப் பறிக்கிறவளை எந்தத் தோட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள்.

ஒருநாள், மருந்தடித்த ஈரம் காயாத செடிகளுக்குள்ளே பெண்களை இறங்கச் சொன்னான் ராஜ்கமல். பொன்னுமணி முடியாது என்று உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்து மற்ற இருபது பேரும் உட்கார்ந்தார்கள். அப்பா தோட்டத்தைக் கையில் கொடுத்து ஆறு மாதமே ஆன பையனுக்கு அது பொறுக்குமா? மூன்றாம் நாள் சாயங்காலம், எடை போடும் இடத்தில், பொன்னுமணியின் பையை வாங்கி எல்லார் முன்னாலும் தலைகீழாகக் கொட்டினான். பாதிக்குப் பாதி பிஞ்சு. "இது நான் எடுத்ததில்லய்யா" என்று அவள் சொல்லச் சொல்ல, செல்போனில் படம் பிடித்தான். அவள் மலை இறங்குவதற்குள் அந்தப் படம் போடி ஜீப் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எந்த ஜீப்பும் அவளுக்காக நிற்கவில்லை. 'பிஞ்சுப் பொன்னுமணி' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. ராசிங்காபுரத்துக்குக் களையெடுக்கப் போனால் அங்கேயும் ஒருத்தி, "களையத்தான் புடுங்கணும், பிஞ்சப் புடுங்கிறாதக்கா" என்று சிரித்தாளாம். அம்மா அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். அந்தப் பெயரைத் துடைக்காமல் விடுவதில்லை என்று பவதாரணி முடிவு கட்டியது அப்போதுதான்.

வழியை அவனே காட்டினான். ராஜ்கமலுக்கு ஒரு வீடியோ கேம் பைத்தியம். காற்றில்லாத ஏதோ ஒரு கோளில் மூன்று பேர் கூட்டாக இறங்கி, கல்லையும் கொடியையும் சேகரித்து, வீடு கட்டி, கடைசியில் கப்பல் செய்து தப்பிக்க வேண்டிய ஆட்டம். அதை யூடியூபில் நேரலையாக வேறு போடுவான். கூட்டாளி ஈஸ்வரன், தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப்பின் டிரைவர், ராஜ்கமல் வீட்டிலேயே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆடுகிறவன். இன்னொரு ஆள் வேண்டும் என்று ராஜ்கமல் நேரலையில் கேட்டபோது, பக்கத்து மலையூரான 'குரங்கணி'யின் பெயரில் பவதாரணி போய்ச் சேர்ந்தாள். அவள் வேலை பார்த்தது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில். சாயங்காலம் அதைப் பூட்டுகிற பொறுப்பும் சாவியும் அவளுடையவை; எல்லாரும் போன பிறகு உட்கார்ந்து ஆடுவாள். மைக் ரிப்பேர் என்று சொல்லி எல்லாவற்றையும் தட்டச்சு செய்தே பேசினாள். ராஜ்கமல் அவளை ஆண்பிள்ளை என்று நினைத்து "தம்பி குரங்கணி" என்றான்.

தம்பி குரங்கணி நாலு மாதம் மாடாய் உழைத்தான். கல் உடைத்தான், காற்றுத் தொட்டி கட்டினான், அண்ணன் செத்து விழும்போதெல்லாம் தூக்கி உயிர் கொடுத்தான். பற்களைக் கடித்துக்கொண்டு பவதாரணி செய்த சேவகம் அது. எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரியும்வரை கும்பிடு போடத்தானே வேண்டும்.

அந்த இடம் கடைசி மாதத்தில் தெரிந்தது. கப்பலுக்கு எரிபொருள் ஒரு கொடியின் காயிலிருந்து வந்தது. செடியின் அடியில் தரையோடு சரம் ஓடும், சரத்தில் பச்சைப் பச்சையாய்க் காய் தொங்கும். அப்படியே ஏலம். ராஜ்கமலுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கப்பலைச் சுற்றி முழுத் தோட்டமே போட்டான். செடியைப் பற்றி ஆட்டத்தில் எழுதியிருந்த குறிப்பை அவன் படிக்கவில்லை. ஏலத்தைப் பற்றி அவனுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? பவதாரணி படித்தாள். சரத்தில் விட்டுவைக்கும் பிஞ்சுகள் காய்களல்ல, முட்டைகள். ஏழு நாளில் பொரியும்.

நியாயத்துக்கு ஒரு தடவை கேட்டாள். "அண்ணே, பிஞ்சையும் சேத்து எடுத்துரவா?"

"டேய் தம்பி, பிஞ்சத் தொட்டே கை இருக்காது," என்றான் ராஜ்கமல் நேரலையிலேயே. "முத்துனத மட்டும் எடு. எங்க தோட்டத்துல ஒருத்திய இதுக்குத்தான் விரட்டிவிட்டேன். இன்னமும் ஜீப்பு ஏற முடியாமத் திரியுறா." பக்கத்தில் ஈஸ்வரன் அவசரமாகப் பேச்சை மாற்றினான்.

பவதாரணி 'சரிண்ணே' என்று தட்டினாள். பிறகு, கப்பல் கிளம்பச் சரியாக ஏழு நாள் இருக்கும்போது, முதலாளி சொன்ன சொல் மாறாமல் ஒவ்வொரு சரத்திலும் முற்றியதை மட்டும் எடுத்து, அத்தனை பிஞ்சையும் பத்திரமாக விட்டுவைத்தாள்.

கப்பல் கிளம்பும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நேரலையில் நானூறு பேருக்கு மேல் இருந்தார்கள். ஜீப் ஸ்டாண்டுப் பையன்கள் அத்தனை பேரும் அதில் அடக்கம். ராஜ்கமலும் ஈஸ்வரனும் கப்பலுக்கு முன்னால் நின்று கையசைத்தார்கள். எரிபொருளைப் பார்க்கிறேன் என்று குரங்கணி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டான்.

முதல் சரம் அசைந்தது. பிறகு தோட்டம் முழுவதும் அசைந்தது. உள்ளங்கை அகலப் பூச்சிகள் ஆயிரக்கணக்கில் வெளியே வந்து சுவரைத் தின்றன, கூரையைத் தின்றன, கடைசியில் காற்றுத் தொட்டியைத் தின்றன. நாலு மாதக் கட்டடம் நாலு நிமிஷத்தில் தரைமட்டமானது. பவதாரணி கப்பல் கதவைச் சாத்தினாள். மனதுக்குள் அப்படியொரு குளிர்ச்சி.

"டேய் குரங்கணி, கதவத் தொற! வெரசாத் தொறடா, காத்து முடியப் போவுது!" என்று கத்தினான் ராஜ்கமல்.

நாலு மாதமாகத் தொடாத மைக்கைப் பவதாரணி திறந்தாள். "பொன்னுமணி மக பேசுறேன்."

வெளியே கதவை இடித்துக்கொண்டிருந்த இரண்டு உருவங்களும் அப்படியே நின்றன.

"எங்கம்மா பையில பிஞ்சு எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்க. கதவத் தொறக்குறேன்."

ராஜ்கமல் சிரிக்கப் பார்த்தான். நானூறு பேர் பார்க்கிறார்கள் என்ற நினைவு வந்திருக்க வேண்டும். பிஞ்சை விடச் சொன்னதை அவர்கள் காதாலேயே கேட்டவர்கள். இந்த அழிவை யார் தலையிலாவது போட்டாக வேண்டும். பக்கத்தில் இருந்தவன்மேல் பாய்ந்தான். "எல்லாம் ஒன்னாலதாண்டா ஈஸ்வரா! செடியப் பாத்துக்கன்னு ஒன்கிட்டத்தான சொன்னேன்? பிஞ்ச விட்டது நீதான!"

"நானாண்ணே?"

"நீதாண்டா, கூறுகெட்டவனே!"

நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் மைக்கில் கேட்டது. "ஆமாண்ணே, எல்லாப் பழியையும் அடுத்தவன் தலையிலயே போடுங்க. அன்னைக்கும் என்னையத்தான பிஞ்சப் பொறுக்கிக் கொண்டாடான்னீங்க? அந்தக்கா தண்ணி குடிக்கப் போன நேரத்துல பையில கொட்டுடான்னு சொன்னது நீங்கதான? கொட்டுன பாவத்துக்கு இன்னமும் அந்தக்கா மூஞ்சியப் பாக்க முடியல!"

ராஜ்கமல் நேரலையை அவசரமாக நிறுத்தினான். நிறுத்தி என்ன செய்ய? நானூறு பேரும் கேட்டாகிவிட்டது. ஆட்டம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"பவதாரணி, நான் உண்மையச் சொல்லிட்டேன்ல? எனக்காச்சும் கதவத் தொற ஆத்தா," என்றான் ஈஸ்வரன்.

ராஜ்கமலை மட்டுமே எதிரி என்று நினைத்திருந்தவள் அவள். கொட்டிய கை எது என்று இப்போதுதான் தெரிந்தது. தினமும் காலையில் 'அக்கா, ஏறுங்கக்கா' என்று சொல்லி அம்மாவை ஏற்றிப்போன அதே கை. அவனுடைய உண்மையை வாங்கிக்கொண்டாள், கதவைத் திறக்கவில்லை. பொத்தானை அழுத்தினாள். கப்பல் அவளை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. கீழே இரண்டு பேரும் மூச்சு முட்டி விழுவதைக் கடைசிவரை பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எல்லாரும் கேட்டாகளா?"

"எல்லாரும் கேட்டாகம்மா."

மறுநாள் விடியும்போது மூன்று தோட்டத்து ஜீப்புகள் தெருமுனையில் நின்றன. பொன்னுமணி மூன்றையும் விட்டுவிட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்த ஈஸ்வரனின் ஜீப்பை நிறுத்தி முன் சீட்டில் ஏறினாள். பவதாரணி லீவு போட்டுவிட்டுக் கூடவே போனாள். அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தாள்.

பகல் முழுவதும் பொன்னுமணி அந்தப் பழைய தோட்டத்திலேயே காய் எடுத்தாள். போகச் சொல்ல ராஜ்கமலுக்கு வாய் வரவில்லை. சாயங்காலம் எடை போடும் இடத்தில் இருபது பெண்களும் சுற்றி நிற்க, தன் பையை அவன் காலடியில் அவளே தலைகீழாகக் கொட்டினாள்.

"ஒங்க கையாலயே பாருங்க. ஒரு பிஞ்சு இருந்தாக் காட்டுங்க."

அவன் வேறு பக்கம் திரும்பினான்.

"பாருங்கன்னு சொன்னேன்."

பவதாரணி செல்போனை உயர்த்திப் பிடித்தாள். இருபது பெண்களில் ஒருத்தியும் நகரவில்லை. ராஜ்கமல் மெதுவாகக் குத்தவைத்துக் காய்களைக் கிளறினான். முழுக் குவியலையும் கிளறி முடித்தான். ஒன்றுகூட இல்லை.

பொன்னுமணி வெறும் பையை உதறி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஈஸ்வரா, வண்டிய எடு. நாளையிலருந்து எனக்கு வேற தோட்டத்துல சோலி இருக்கு."

அவளைப் பார்த்து இருபது பேரும் பையை மடித்தார்கள்.