தேயிலைக்கு ஆகாத புகை

நாட்டில் சண்டைக்காலம். வெள்ளவத்தையில் பஸ் ஏறி, வழியில் இரண்டு சோதனைச் சாவடிகளில் இறங்கி அடையாள அட்டையைக் காட்டி, ஒருவழியாக ஒருகொடவத்தைத் தேயிலைக் களஞ்சியத்துக்கு வந்து சேர்ந்தாள் பத்மாவதி. வந்து பார்த்தால், பெண்கள் பெட்டி ஒட்டும் மண்டபத்துக்குள், சுமை தூக்கும் டீசல் போக்லிப்ட் வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது.

அதை ஒழிக்கத்தானே இவ்வளவு காலமும் மல்லுக்கட்டினாள்? எந்த மூட்டை எங்கே இருக்கவேண்டும் என்று சொல்லும் மேற்பார்வையாளர் அவள். பெட்டி ஒட்டும் ஆறாயிக்கு இருமல் நின்றபாடில்லை. புகையை விட்டு விலகி இருக்கச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். விலகினால் சோறு யார் போடுவது? பத்மாவதி எத்தனை தரம் சொல்லியும் கம்பனிக்குக் காது கேட்கவில்லை. தேயிலையில் டீசல் மணக்கிறது என்று வெளிநாட்டுக்காரர் முறையிட்டதும் கேட்டுவிட்டது. திறந்த தேயிலை இருக்கும் இடத்தில் இனிப் புகைவிடாத பற்றரி வண்டிதான் ஓடவேண்டும் என்று உத்தரவு வந்தது. வண்டியும் ஒன்று வந்தது. மின்வெட்டுக்கு நடுவில் அதற்குச் சார்ஜ் ஏற்றுவதே பெரும்பாடு. மிஞ்சிய டீசல் வண்டியை முகாமையாளர் ஹியூபேட் சும்மா விடுவாரா? பெண்களின் மண்டபத்துக்குள் தள்ளிவிட்டார்.

போய்க் கேட்டாள். அங்கே இருப்பதெல்லாம் ஒட்டி மூடிய பைக்கற், மணம் ஏறாது என்றார் அவர். ஆட்களின் நெஞ்சைப் பற்றி உத்தரவில் ஒரு சொல்லும் இல்லையாம்.

ஆறாயியிடம் வந்து சொன்னாள்.

"ஏங்க மிஸ், தேயிலைக்கு இருக்குற நெஞ்சு எங்களுக்கு இல்லீங்களா?"

பத்மாவதி களஞ்சியத்துக்குப் போனாள். பற்றரி வண்டி ஓட்டும் இஸ்ஸதீனைப் பிடித்து, ஏற்றுமதிக்கு வைத்திருந்த முதல்தரத் தேயிலையில் மூன்று மூட்டையை மண்டபத்தின் நடுவில் இறக்குவித்தாள். மூட்டைகளின் வாயைத் தானே பிரித்துவிட்டாள்.

ஹியூபேட் ஓடிவந்தார்.

"என்ன மிஸ், விளையாட்டா? பகிடி விடுறீரா?"

"இல்லை சேர். களஞ்சியத்தில இடம் காணாது. இனிக் கொஞ்சத் தேயிலை இங்கதான் கிடக்கும்."

"டீசல் மணம் ஏறப்போகுதே!"

"ஓம் சேர், ஏறும். வண்டியை வெளியில எடுக்கச் சொல்லுங்கோ."

ஹியூபேட் மூட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சிங்களத்தில் ஏதோ திட்டிக்கொண்டே டீசல் வண்டியை முற்றத்துக்கு அனுப்பினார். இன்னொரு பற்றரி வண்டி வரும்வரை பெட்டியைக் கையால் தள்ளட்டும் என்று கோபத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

மூட்டையை ஒருவரும் அசைக்கக்கூடாது என்று பெண்களிடம் சொல்லிவிட்டு, ஆறாயியை ஒரு பக்கத்தில் இருக்க வைத்து, பெட்டி ஏற்றி அவள் தள்ளவேண்டிய தள்ளுவண்டியைப் பத்மாவதியே பிடித்தாள்.