ஆயிரத்து இருநூறு வாட்

1

இந்தக் கதை நடந்த வருடம் 2006 என்று எழுதியிருக்கிறேன். 2007-ஆகவும் இருக்கலாம். என் ஞாபகத்தை நம்பி யாரும் பஞ்சாங்கத்தைப் புரட்ட வேண்டாம்.

கதை எனக்குக் கிடைத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை. அங்கே லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவர் சத்யநாராயணன். அவரும் அதிகம் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன். இப்படி இரண்டு பேருக்கு நடுவில் ஒரு கதை இடம் மாறுவதற்கு மூன்று வருடம் பிடித்தது. முதல் கண்ணாடி வாங்கியபோது, தாம் கிடார் வாசிப்பவர் என்றார். அடுத்த வருடம், ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கியதைச் சொன்னார். மீதியை மூன்றாவது கண்ணாடிக்குச் சொன்னார். எனக்குப் பவர் மாறவில்லை, ஆனாலும் அந்த மூன்றாவது கண்ணாடியை வாங்கினேன்.

2

முதல் தொடக்கம்: ‘கடலூரில் கடல் இரைந்துகொண்டிருந்த ஒரு மாலையில் சத்யநாராயணன் —’

கடல் இரையாத மாலை எது? அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: ‘ஒரு கிடார் கலைஞனின் வாழ்க்கை ஆறு கம்பிகளின் மேல் —’

இதை எழுதியது நானில்லை என்று வைத்துக்கொள்வோம்.

மூன்றாவதில் அவரை ஒரு நூலகத்தில் வேலைக்கு வைத்தேன். பகலெல்லாம் ‘சத்தம் போடாதீங்க’ என்று சொல்கிறவர், மாலையில் சத்தமான ஒரு பெட்டியைத் தேடி அலைகிறார். நன்றாகத்தான் இருந்தது. எனக்கே பிடித்துப்போகுமளவு நன்றாக இருந்ததால் சந்தேகம் வந்து, ஒரே வாரத்தில் அவரைக் கண்ணாடிக் கடைக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஆகவே நேராகச் சொல்கிறேன். கடலூர் முதுநகரில் ‘கெடிலம் மெல்லிசைக் குழு’ என்று ஒன்று இருந்தது. கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, ஆயுத பூஜை என்று எங்கே கூப்பிட்டாலும் போய் சினிமாப் பாட்டுகளை வாசிப்பார்கள். குழுவை நடத்தியவரும் பாடியவரும் அந்தோணிசாமி. கீபோர்டு பிரியம்வதா. ரிதம் பேட் லால்பேட்டை ஜாபிர். கிடார் நம்மவர்.

(மெல்லிசை என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ஜாபிர் பேடில் அடிக்கும்போது முதல் வரிசையில் உட்கார்ந்தவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவார்கள் என்ற ஒரு வரியை மட்டும் மிச்சம் வைத்துக்கொள்கிறேன்.)

3

2004-இல் நெல்லிக்குப்பத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர் அன்று பாட வந்திருந்த பாடகியின் மைக்குக்கு ஒயர் போதவில்லை என்று கிடாரின் ஒயரைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். சத்யநாராயணன் இரண்டு முறை கையைத் தூக்கிக் காட்டினார். யாரும் பார்க்கவில்லை. மேடையில் சும்மா நிற்க வெட்கமாக இருந்ததால் ஒயரில்லாத கிடாரை வாசித்துக்கொண்டே இருந்தார். நிகழ்ச்சி முடிந்ததும் அந்தோணிசாமி வந்து தோளைத் தட்டினார்.

“இன்னைக்கு உன் கிடார்தான் தூக்கிடுச்சு சத்யா.”

அந்தப் பாராட்டு இவரைக் கெடுத்துவிட்டது என்று எழுதினேன். பிறகு ‘கெடுத்துவிட்டது’ என்பதை அடித்தேன். அதற்குப் பதில் என்ன போடுவது என்று இன்னும் தெரியவில்லை.

அடுத்த நிகழ்ச்சியிலிருந்து அவரே ஒயரைச் செருகாமல் விட்டார். யாருக்கும் கேட்கப் போவதில்லை என்று உறுதியானதும், குழு வாசிக்கும் பாட்டை எதற்கு வாசிக்க வேண்டும் என்று தோன்றியது. தாமே ஒரு மெட்டை வாசிக்க ஆரம்பித்தார். மேலே அந்தோணிசாமி காதல் பாட்டு பாடுவார், ஜாபிர் இடி இடிப்பார், பிரியம்வதா கீபோர்டில் வயலினும் புல்லாங்குழலும் வரவழைப்பார். இவர் கண்ணை மூடிக்கொண்டு, கிடார் மரத்தின் மேல் தாடையை வைத்து, எலும்பு வழியாகத் தம் மெட்டைக் கேட்டுக்கொண்டிருப்பார். வீட்டில் அது வராது. ஒரு கம்பியைத் தொட்டாலே மனைவி லலிதாம்பிகை, “ஏங்க, இது எந்தப் படத்துப் பாட்டு?” என்பார். கை நின்றுவிடும். அந்த இரைச்சலுக்குள்தான் அவருக்கென்று ஓர் அறை இருந்தது.

இரண்டு வருடம் இப்படி ஓடியது.

4

வாசகருக்கு ஒரு சந்தேகம் வரும். இரண்டு வருடமாக ஒயர் செருகாததை எப்படி ஒருவரும் கவனிக்கவில்லை? எனக்கும் வந்தது, கேட்டேன். சத்யநாராயணன் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி சொன்னார்: “ஒயரோட ஒரு முனைய இடுப்புல சொருகிக்குவேன் சார்.”

5

2006 தை மாதம் ஒத்திகையின்போது அந்தோணிசாமி அந்த அறிவிப்பை வெளியிட்டார்.

“மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினத்துல புரோகிராம். கடற்கரை. காத்து எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போயிடும். சத்யா, நீ சொந்தமா ஒரு ஆம்ப் வாங்கிடு. பேட்டுக்கு மேல கேக்கணும்.”

“பேட்டுக்கு மேலயாண்ணே?”

“ஆமாம்பா. இல்லன்னா பிரியா கீபோர்டுலயே கிடார் பட்டன் கீது. அத அமுக்கிட்டுப் போயிடலாம். ஒரு ஆளுக்கு எடமாவது மிச்சமாவும்.”

பிரியம்வதா பட்டனை அமுக்கிக் காட்டினார். கிடார் சத்தம் வந்தது. “நல்லாத்தான் இருக்குல்ல சத்யாண்ணே?” என்று வெள்ளந்தியாகக் கேட்டார்.

இப்போது சத்யநாராயணனின் நிலைமை புரிகிறதல்லவா? சத்தமில்லாத பெட்டி என்றால் குழுவில் இடம் போய்விடும். சத்தமான பெட்டி என்றால் அவர் வாசிப்பது எல்லாருக்கும் கேட்டுவிடும், அப்போதும் இடம் போய்விடும். பாட்டுகளைத் திரும்பப் பழகலாமென்று ஒரு வாரம் முயன்றார். இரண்டு வரி ஒழுங்காக வரும், மூன்றாவது வரியில் விரல்கள் தம் வழக்கமான மெட்டுக்குத் திரும்பிவிடும். சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவில் பஸ்ஸில் போய்வந்த நாட்களில் அவர் யோசித்ததெல்லாம் ஒன்றுதான்: கேட்கிற மாதிரி இருக்க வேண்டும், ஆனால் கேட்கக் கூடாது.

6

திருப்பாதிரிப்புலியூரில் கொளஞ்சி என்பவர் ஆம்ப்ளிஃபயர்களைத் தம் கையாலேயே கட்டிக்கொடுப்பார். சத்யநாராயணன் அவர் கடை வாசலில் வெகுநேரம் நின்றார்.

“எத்தினி வாட்டு சார்?”

“பாக்க எத்தினி, கேக்க எத்தினின்னு ரெண்டா சொல்லலாமா?”

கொளஞ்சி பற்றவைத்துக்கொண்டிருந்த சர்க்யூட் பலகையைக் கீழே வைத்தார்.

“இத்தினி வருசத்துல இப்பிடிக் கேட்ட மொத ஆளு நீங்கதான் சார். மத்தவங்கள்ளாம் தெரியாமத்தான் வாங்கிட்டுப் போறாங்க.”

அந்தக் காலத்துப் பாட்டுப் பெட்டிகளை வைத்திருந்தவர்களுக்கு இது தெரியும். பி.எம்.பி.ஓ. என்று ஒரு கணக்கு இருந்தது. அது பெட்டியின் நெற்றியில் ஒட்டுவதற்கான வாட். காதுக்கு வருவது வேறு, அது எங்கேயும் எழுதியிருக்காது.

“அப்ப, பாக்க ஆயிரத்து எரநூறு.”

“கேக்க?”

“ஒரு அஞ்சு.”

“அஞ்சா? அதுல வாசிச்சா கொசுவுக்குத்தான் கேக்கும்.”

“அது போதும்.”

கொளஞ்சி இரண்டு எண்களையும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். பிறகு, “யாருக்கும் தெரியக் கூடாது, அப்பிடித்தானே?” என்றார். “தொழில் தர்மம் சார். செத்தாலும் சொல்லமாட்டேன்.”

கதையில் இவர்தான் எனக்கு மிகவும் பிடித்த ஆள். இவரை வைத்து இன்னும் இரண்டு பக்கம் எழுதலாம். வேண்டாம்.

சத்யநாராயணனின் கணக்கு சரியாகவே இருந்தது. செருகாத கிடாரைக் கேட்டுப் பாராட்டிய அந்தோணிசாமி, இடுப்புயரப் பெட்டியையும் அதன் மேல் பொன்னிறத்தில் ஒட்டிய 1200-ஐயும் பார்த்தால் காது அடைத்துவிட்டது என்றே சொல்வார். அவர் கண்ணால் கேட்கிறவர்.

7

கணக்கில் வராதது நட்பு.

பெட்டியைக் கடையிலிருந்து கடற்கரைக்குக் கொண்டுவர ஜாபிர் வேனோடு போனார். தூக்கினார். ஒரே கையில் வந்துவிட்டது. சந்தேகப்பட்டுப் பின்பக்கத்துத் திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தார். பீரோ போன்ற அந்தப் பெட்டிக்குள் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பலகை.

“யோவ், இன்னாய்யா இது? என் மச்சான் வாயில்லாப் பூச்சின்னு நெனச்சு ஏமாத்திட்டியா?”

“பாய், அவுரு கேட்டதத்தான் குடுத்தேன்.”

“எவனாவது சின்னதா குடுன்னு கேப்பானா? அல்லாவுக்குப் பொதுவா சொல்லு.”

கொளஞ்சிக்கு வாய் வரைக்கும் வந்தது. தொழில் தர்மம் தடுத்தது. ஏமாற்றுக்காரன் என்ற பெயரை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தார். ஜாபிர் தம் வேனில் கிடந்த சொந்த ஸ்பீக்கரையே இறக்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, நிஜமான நூறு வாட்டுப் பலகையொன்றை மாட்டவைத்தார். சத்யநாராயணனிடம் இதைச் சொல்லவில்லை. மச்சான் மனசு நோகும் என்று நினைத்தார்.

(தெருவில் மைக் கட்டுகிறவர்களைக் கேளுங்கள். நூறு நிஜ வாட் என்பது ஒரு தெருவுக்குத் தாராளம்.)

8

மாசி மகம். மாலை ஆறு மணி. தீர்த்தவாரி முடிந்து சாமிகள் கிளம்பிக்கொண்டிருக்கின்றன. மணலில் ஜனம்.

சத்யநாராயணன் இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒயரைச் செருகினார். பெட்டி பின்னாலேயே நிற்கும்போது ஒயர் இடுப்பில் முடிவது எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஐந்து வாட்தானே என்று எல்லாக் குமிழ்களையும் கடைசிவரை திருகினார். அந்தோணிசாமி 1200-ஐப் பார்த்து, “பாத்து வாசிப்பா, ஜனங்க பயந்துடப் போறாங்க” என்றார்.

பாட்டு ஆரம்பித்தது. சத்யநாராயணன் கண்ணை மூடிக்கொண்டார், தாடையைக் கிடாரில் வைத்தார், தம் மெட்டுக்குள் போனார்.

அந்த மெட்டை இங்கே விவரிக்க வேண்டும். நான் அதைக் கேட்டதில்லை. ஒரு வரைவில் அது மழை மாதிரி இருந்தது, இன்னொன்றில் யாரோ ஒருவர் வீடு திரும்புகிற மாதிரி. இரண்டையும் கிழித்துப்போட்டேன். அவரிடம் முனகிக் காட்டச் சொன்னபோது, கண் பரிசோதிக்கும் எழுத்து அட்டையைக் காட்டி, “கீழ் வரி தெரியுதா பாருங்க சார்” என்றார்.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். பந்தல் துணி அதிர்ந்தது. சுண்டல் விற்றவர் தட்டைப் பிடித்துக்கொண்டார். பிரியம்வதா கையை எடுத்தார். அந்தோணிசாமி ‘கண்ணே’ என்பதில் ‘கண்’ வரை பாடி நிறுத்தினார். தம் வாழ்நாளில் யாருக்காகவும் நிறுத்தாத ஜாபிரும் நிறுத்தினார்.

சத்யநாராயணன் மட்டும் நிறுத்தவில்லை. காரணம் இதுதான், அவர் சொன்னபடியே தருகிறேன்:

“எனக்குத் தெரிஞ்ச மெட்டாச்சே, எவன் வாசிக்கிறான்னு திரும்பிப் பாத்தேன் சார்.”

திரும்பிப் பார்த்தார். பின்னால் பெட்டி மட்டுமே இருந்தது.

எவ்வளவு நேரம் வாசித்தார்? அந்தோணிசாமி பத்து விநாடி என்கிறார். ஜாபிர், “நாலு நிமிசம் இருக்கும், ஜாஸ்தியாவும் இருக்கும்” என்கிறார். மணலில் உட்கார்ந்திருந்த லலிதாம்பிகை, “வீட்ல வாசிப்பாரே, பாதியில விட்டுடுவாரு, அது முழுசா முடியிறவரைக்கும்” என்கிறார்.

பிறகு நின்றது. யாரும் கை தட்டவில்லை, யாரும் கூச்சல் போடவுமில்லை. அந்தோணிசாமி மைக்கை வாயிலிருந்து எடுக்க மறந்து கேட்டார். கடற்கரை முழுக்கக் கேட்டது.

“சத்யா, இன்னா பாட்டுப்பா இது?”

9

மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன்.

அ. “மன்னிச்சுக்குங்கண்ணே, கை தவறிடுச்சு.” இப்படிச் சொன்னால் இடம் மிஞ்சும்.

ஆ. ஏதாவதொரு பழைய படத்தின் பெயரைச் சொல்கிறார். ‘ஓ, அதுவா!’ என்று ஜனம் தலையாட்டுகிறது. பார்க்காத படத்தைப் பார்த்ததாகச் சொல்வதில் நம் ஜனத்தைவிட —

இல்லை, இது மலிவான நகைச்சுவை. விட்டுவிடுகிறேன்.

இ. “என்னுது.”

அவர் ஏதோ சொன்னார் என்பது நிச்சயம். உதடு அசைந்ததை லலிதாம்பிகை பார்த்திருக்கிறார். ஆனால் கிடார் வாசிப்பவருக்கு மைக் கொடுக்கும் வழக்கம் அந்தக் குழுவில் இல்லை. அந்தோணிசாமி, “சரி சரி” என்று தலையாட்டி அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். எதற்குச் ‘சரி’ என்றார் என்பது அவருக்கே நினைவில்லை. மூன்றாவது கண்ணாடியோடு எனக்கும் கேட்கும் உரிமை முடிந்துவிட்டது. பதிலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எதை வைத்தாலும் கீழே உள்ளவை மாறப் போவதில்லை.

10

ஜாபிர் 2008-இல் குவைத்துக்குப் போனார். பலகையை மாற்றிய கதையை விமான நிலையத்தில்தான் மச்சானிடம் சொன்னார். சத்யநாராயணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை என்றும், நன்றி தாங்காமல்தான் பேச்சு வரவில்லை என்றும் ஜாபிர் எனக்குப் போனில் சொன்னார்.

கொளஞ்சி இப்போது செல்போன் பழுது பார்க்கிறார். பிரியம்வதா கல்யாணமாகிப் பண்ருட்டியில் பாட்டு டீச்சராக இருக்கிறார். லலிதாம்பிகைக்கு அது எந்தப் படத்துப் பாட்டு என்று இன்றுவரை தெரியாது. கெடிலம் மெல்லிசைக் குழு 2009-இல் கலைந்தது. அந்தோணிசாமி பந்தல் போடும் தொழிலுக்கு மாறிவிட்டார்.

சத்யநாராயணனை யாரும் குழுவிலிருந்து நீக்கவில்லை. கடைசி நிகழ்ச்சி வரை போனார். பேட்டுக்கு மேல் அவர் கிடார் கேட்டது. எல்லாப் பாட்டையும் அச்சுப் பிசகாமல் வாசித்தார் என்று அந்தோணிசாமி சொன்னார்.